வடக்குச் சுவரும் மட்டன் பிரியாணியும்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் வயலை ஒட்டிக் கட்டிய அந்தப் புதுவீட்டின் வடக்குச் சுவரில், ஐப்பசி மழையின் மூன்றாம் நாள், தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஹபீபுன்னிசாவின் கணவர் ஷேக் பரீத் குவைத்திலிருந்து வர இன்னும் மூன்றே வாரம். வந்த கையோடு பால் காய்ச்சிக் குடிபோவதாக ஏற்பாடு.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக அவள் இருப்பது கணவருடைய அண்ணன் மூஸாவின் வீட்டில், பின்பக்கத்து அறையில். அடுப்படி மூஸாவின் மனைவி ஜஸீலாவின் ராஜ்யம். உப்பு டப்பாவைக்கூட அவள் சொல்லாமல் நகர்த்த முடியாது. மீன்காரர் என்ன மீன் வேண்டும் என்று கேட்டாலும், பால்காரர் நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டாலும் ஹபீபுன்னிசா வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான்: "அக்காவைக் கேளுங்க." புதுவீட்டுக்குப் போன பிறகு அதை ஒருநாளும் சொல்வதில்லை என்று மனசுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தாள். அவளுக்கு மாடியும் வேண்டாம், மார்பிளும் வேண்டாம். ஒரு அடுப்பு போதும்.

"வீட்டு வேலையை நீயே நின்னு பாத்துக்க" என்று ஷேக் பரீத் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல்லை எண்ணினாள், மணலைச் சலிக்கச் சொன்னாள், வெயிலில் கறுத்துப்போனாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சித்திரையில் வடக்குச் சுவர் பூசிய அன்றைக்குத்தான் புத்தி பிசகிப்போனது.

அன்று மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பாக்கி, வேலையாட்களுக்கு மட்டன் பிரியாணி போட்டாள். யாரையும் கேட்காமல் அவள் பற்றவைத்த முதல் அடுப்பு அது. கொத்தனார் துரைக்கண்ணு, குழைத்த கலவை பாதி மிச்சமிருக்கும்போதே சாரத்திலிருந்து இறங்கிக் கைகழுவினார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் வேப்பமரத்தடியில் மொத்தப் பேரும் சாய்ந்தார்கள். எழுந்தபோது மணி மூன்றரை. கலவை இறுகிக் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் குழைப்பதுதான் முறை. துரைக்கண்ணு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கிளறச் சொன்னார்.

"காஞ்சுபோன கலவையாச்சேங்க?" என்றாள் ஹபீபுன்னிசா.

"ஒண்ணும் ஆகாதும்மா. இப்படி ஒரு சாப்பாடு நான் எந்த வேலையிலயும் சாப்பிட்டதில்ல. உங்க கைப்பக்குவமே தனிங்க."

அவள் சமையலை ஒருத்தர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. கலவையை மறந்தாள். அந்த ஒரு சொல்லுக்கு மயங்கிப்போனாள், பாவி.

பூச்சு விழுந்த மறுநாள் மழை தூறலாகக் குறைந்திருந்தது. மூஸா சுவருக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜஸீலா, குடையோடு. போனுக்குள் ஷேக் பரீத்.

"வாசச் சாவியால தட்டு. எங்கெங்க பூச்சு விட்டிருக்குன்னு எனக்குச் சத்தம் கேக்கணும்."

ஹபீபுன்னிசா தட்டினாள். காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டது.

"வட்டம் போடு. அடுத்தது. குனிஞ்சு தட்டு. அங்கயும் வட்டம் போடு."

சாக்பீஸ் ஈரத்தில் கரைந்து விரலெல்லாம் வழிந்தது. முப்பத்தொரு வட்டம். ஒரு மணிநேரம் தட்டவைத்தார் மனுஷன். குடையை ஜஸீலா அவள் பக்கம் நகர்த்தவே இல்லை.

துரைக்கண்ணுவை வரவழைத்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார், பல்லைக் காட்டினார்.

"பாய், தப்பு என் மேல இல்லீங்க. அம்மா போட்ட பிரியாணி மேல. அன்னைக்கு எங்களால எந்திரிக்கவே முடியல. கலவை இறுகிடுச்சு. அம்மாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

மூஸா சிரித்தார். ஜஸீலா குடை ஆட ஆடச் சிரித்தாள். போனுக்குள் ஷேக் பரீத்தும் விழுந்து விழுந்து சிரித்தார். கணவர் சிரித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நினைத்து, ஹபீபுன்னிசாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அண்ணே, இவளை நம்பி ஒரு வீட்டை விடமுடியாது. எல்லாருமா சேந்தே குடிபோயிடுவோம். அண்ணியே பொறுப்பெடுத்துக்கட்டும். சாவியை அண்ணிகிட்ட குடு, ஹபீபு."

வெள்ளை அப்பிய சாவியை முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

ஜஸீலா அப்போதே உள்ளே போய் அடுப்படி மேடையை விரலால் தடவிப் பார்த்தாள். அறை அறையாக நடந்து, வடக்குச் சுவரை ஒட்டிய சின்ன அறை வாசலில் நின்றாள். "இது உனக்கு. நீ பாத்துப் பாத்துப் பூசவச்ச சுவராச்சே."

மழை நின்ற வாரம் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசினார்கள். சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் வேலை ஹபீபுன்னிசாவுக்கு. மத்தியானம் துரைக்கண்ணு கையைக் கழுவிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவளிடம் வந்தார்.

"இன்னைக்குச் சாப்பாடு உண்டுங்களாம்மா?"

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"அக்காவைக் கேளுங்க."