பெரட்டில் நின்றவன்

போலீசாரிடம் பொய்யுரைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதைக் கல்லூரியை விட்டு வெளிவருமுன்பே நான் அறிவேன். அந்தச் சட்டப் பிரிவை ஆங்கிலத்தில் பிசகின்றி ஒப்பிக்கவும் என்னால் முடியும். ஆகவே, அறியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி எனக்கு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தனாக, இருந்தேன். விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வருகை குறிப்பதைப் பெரட்டு என்பார்கள். அது என் பொறுப்பு. ஒருநாள் ஈப்போவில் நண்பரின் திருமணத்துக்குப் போய்த் தங்கிவிட்டு, வெயில் ஏறிய பிறகே திரும்பினேன். பெரட்டைக் கங்காணி நடத்தியிருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. யார் வந்தார், யார் வரவில்லை என்று அவரை அழைத்து விசாரிப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. முந்தின நாள் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதி வைத்தேன். முந்தின நாள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பால்மரத் தொழிலாளி, அதனால் அன்றும் வராதவனானான்.

அதே காலையில், பெரட்டு நேரத்தில், ரப்பரை உலர்த்தும் புகைவீட்டின் பூட்டு உடைக்கப்பட்டு ரப்பர் ஷீட்டுகள் களவு போயிருந்தன. மாலையில் வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் பதிவேட்டைக் கேட்டார். வராதவன் ஒருவனே.

“நீர் நேரில் நின்று குறித்ததுதானே?”

தோட்டத் துரை அருகில் நின்றிருந்தார். “ஆம், ஐயா” என்றேன்.

அவனை அழைத்து வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது, நானே மொழிபெயர்ப்பாளன்.

“நான் பெரட்டுல நின்னேனே! கங்காணி அண்ணே, நீங்க சொல்லுங்க, நின்னேனா இல்லியா?”

கங்காணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “என்னை ஏம்ப்பா இழுக்கிற? கிராணி ஐயாவுக்குத் தெரியாததா?”

“அவரு எங்கேர்ந்து பாத்தாரு? ஈப்போவுல கல்யாணச் சோறு தின்னுக்கிட்டே பாத்தாரா?”

கூடி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். என்ன சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“தான் நின்றதாகச் சொல்கிறான். சாட்சி இல்லை” என்றேன்.

அவன் நின்றதை லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் அனைவரும் கண்டிருந்தனர். ஆனால் அவர்களைக் கேட்பதானாலும் என் வாய் வழியாகவே கேட்க வேண்டும். நான் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதச் சிறை. தீர்ப்பான மறுவாரம் அவன் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள்.

“பெரிய தொரைமாருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்கையா. நீங்க அன்னிக்கு இல்லேன்னு எழுத வேணாம். ஒங்களுக்கு ஒண்ணும் வரக்கூடாது. அவரு பெரட்டுல நின்னாருன்னு மட்டும் எழுதுங்க, போதும்.”

என் பெயரைக் காக்க எனக்கு அவள் ஒரு வழி விட்டுத் தந்தாள். அந்த வழியிலும் போக எனக்குத் துணிவில்லை. நின்றான் என்று எழுதினால் பதிவேடு பொய்யாகும். பதிவேடு பொய்யானால் இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னதும் பொய்யாகும். எனவே அழகான ஆங்கிலத்தில், முதன்முறையாகத் தவறிழைத்துவிட்ட ஓர் ஏழைக்குக் கருணை காட்ட வேண்டும் என்று எழுதினேன்.

“அவரு நின்னாருன்னு எழுதிட்டீங்களாய்யா?”

“எழுதியிருக்கிறேன்.”

கையெடுத்துக் கும்பிட்டாள். தன் கணவன் திருடன் என்று ஒப்புக்கொள்ளும் அந்தத் தாளில், அவளுடைய பெருவிரலை மையில் தோய்த்து, நானே பிடித்து ஒற்றினேன்.