பெட்டி நிரம்பியதும் நின்ற கவிதைகள்

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துபவருக்குக் ‘கமா’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். விட்டுப்போன ஒரு கமாவுக்காக வேலையையே நிறுத்திவிடுவார். அவர் மனைவி, பக்கத்து மேசையில் கணினியில் பக்கம் வடிவமைப்பவள்; நான் ‘அக்கா’ என்று கூப்பிடுவேன். நான் பைண்டிங். எனக்கு வாயும் நீளம், கையும் வேகம். அந்த வேகம்தான் என்னைக் கெடுத்தது.

கமா கவிதை எழுதுவார். அதற்கென்று ஒரு நோட்டு வாங்கியதில்லை. திருத்தி முடித்த ப்ரூஃப் தாள்களின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று அதிலேயே எழுதிவிடுவார். எல்லாம் அக்காவைப் பற்றியது. அவளிடம் வாசிக்க வெட்கம், அதனால் டீ நேரத்தில் நான் மாட்டிக்கொள்வேன்.

புத்தகம் போட வரும் புது ஆட்களுக்கு மாதிரிப் பக்கம் காட்டும்போது, திரையில் எழுத்துக்கென்று போட்ட பெட்டியை நிரப்ப ஏதாவது நாலு வரி வேண்டும். அக்கா கமாவின் தாள் ஒன்றை உருவி, பார்த்து அடிப்பாள். பெட்டி நிரம்பியதும் நிறுத்திவிடுவாள்.

“கழுத்துல வெட்டிட்டியே!” என்று கத்துவார் அவர்.

“பெட்டி அவ்வளவுதாங்க கொள்ளும்.”

அவர்கள் கொஞ்சிக்கொள்ளும் அழகு அவ்வளவுதான்.

போன வருடம் மூன்றே வாரக் காய்ச்சலில் கமா போய்விட்டார். அக்கா விடுப்பு முடிந்து வரும்போது அந்த மேசையைப் பார்த்து அழக்கூடாது என்று நானே சுத்தம் செய்தேன். புத்தகம் அச்சாகிவிட்டால் ப்ரூஃப் கழிவுக்குத்தான் போகும், இருபது வருடப் பழக்கம். கட்டுக்கட்டாகக் கழிவுத்தாள் வண்டியில் ஏற்றினேன். ஒரு தாளைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அக்கா வந்தாள். வெறும் மேசையைத் தடவினாள். “தம்பி, அவரோட தாளெல்லாம் எங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. “சரி, விடு” என்றாள்.

பிறகு கணினியில் பழைய மாதிரிப் பக்கங்களைத் தேடினாள். முப்பத்தொரு கவிதைகள் கிடைத்தன. ஒன்றுக்கும் முடிவு இல்லை.

“புத்தகமாப் போட்டுடலாம்மா, முடிவை மட்டும் நீயே எழுதிடு” என்றார் முதலாளி. ஒரு வாரம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள் அக்கா. பிறகு ஒரு நாள் டீ நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினாள்.

*உன் செருப்பின் பக்கத்தில்*
*என் செருப்பைக் கழற்றுகிறேன்*
*இரண்டும்*

“உங்கிட்டதானே படிச்சுக் காட்டுவாரு. இதுக்கு மேல என்ன வரும், தம்பி?”

டீயின் சூடு ஞாபகம் இருந்தது. முடித்ததும் அவர் “எப்படி இருக்கு?” என்று கேட்பதும், “பிரமாதம் சார்” என்று நான் சொல்வதும் ஞாபகம் இருந்தன.

“தெரியலக்கா.”

“ஒரு வரிகூடவா?”

“நான் காது குடுத்துக் கேட்டதே இல்லக்கா.”

அவள் அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. கவிதைகள் நின்ற இடத்திலேயே நிற்க, மீதிப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டாள். என் வாழ்நாளில் நான் மெதுவாகச் செய்த ஒரே பைண்டிங் அந்தப் புத்தகம்தான். முதல் பிரதியை அவள் கையில் கொடுத்தபோது, பிரித்து, செருப்புக் கவிதையை வாய்விட்டு வாசித்தாள். ‘இரண்டும்’ என்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?”

பிரமாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.