அண்ணன் எறிந்த பந்துகளும் எறியாத பந்துகளும்

அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், லீவு கிடைக்காமல் வளைகுடாவிலேயே இருக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலர் வந்து சேரும். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை நான்தான் எழுத வேண்டும். கிரிக்கெட்டில் கள்ளப் பந்து போட்டவர் என்று அண்ணனுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான்.

பரமக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை முறிந்தது. ஊர் வைத்தியர் போட்ட கட்டில் எலும்பு கூடியது. கை மட்டும் அதன் பிறகு முழுதாக நீளவே இல்லை. அந்தக் கையோடுதான் ஐ.டி.ஐ. முடித்தார். துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் லோடிங் வேலைக்குச் சேர்ந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஆனார். அப்பா காலமானபின் தங்கை கல்யாணம், என் படிப்பு எல்லாம் அவர் தலையில் விழுந்தன. பிறகு என்னையும் அதே கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார். தட்டில் சோற்றைக் கூடுதலாக வைப்பார். நான் அவர் ரூமில் இருந்த காலத்தில் நன்றாகவே சதை போட்டேன்.

விடுமுறை நாளில் நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குப் பின்னால் கிரிக்கெட் நடக்கும். கடைசி ஓவர் எப்போதும் அண்ணனுக்குத்தான். கையை மடக்கி எறிபவனை நம் பக்கத்தில் 'மாங்கா' என்போம். மரத்தில் மாங்காய் அடிக்கக் கல்லெறிகிற மாதிரி எறிகிறானாம். அண்ணனின் கை மடங்கியே இருப்பதால் எதிரணிக்காரர்கள் வாய்க்கு அது நல்ல அவல்.

ஒரு வருடம் எங்கள் கேம்ப் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. வருவதாகச் சொன்ன அம்பயர் வரவில்லை. எனக்குக் கால் சுளுக்கு, விளையாடவில்லை. "தம்பி நிக்கட்டும்" என்று அண்ணனே சொன்னார். கடைசி ஓவரில் எதிரணி முழுவதும் "மாங்கா, மாங்கா" என்று கத்தியது. "அண்ணங்காரன்னு பாக்குறியாடா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. அடுத்த மூன்று பந்துகளுக்கும் நோபால் கொடுத்தேன். முழங்கையை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தோற்றோம். அண்ணன் பந்தை என் கையில் கொடுத்துவிட்டு ரூமுக்குப் போனார். அன்றும் எனக்குச் சோறு கூடுதலாக விழுந்தது. அதன் பிறகு அவர் கிரிக்கெட் பந்தைத் தொடவில்லை.

சில வருடங்கள் கழித்து துபாயில் புதிதாக ஒரு தொழில்முறை பேஸ்பால் போட்டி தொடங்கியது. உள்ளூர் ஆட்களையும் தேர்வுக்கு அழைத்தார்கள். விளம்பரத்தைச் சூப்பர்வைசரின் போனில் பார்த்துவிட்டு வந்து அண்ணன் சிரித்தார். "எறியத் தெரிஞ்சவன் வேணுமாம்டா. கேம்பே எனக்கு சர்ட்டிபிகேட் குடுத்துருக்கு, போய்த்தான் பாப்பமே." போனார், எறிந்தார், எடுத்துக்கொண்டார்கள்.

பேஸ்பாலில் முதலில் எறிபவர் களைத்தால், காத்திருக்கும் ஒருவரை நடுவில் அழைப்பார்கள். அவருக்கு ரிலீஃப் பிட்சர் என்று பெயர். அண்ணன் அதுதான். சில நாள் கூப்பிடுவார்கள், பல நாள் கையைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. "ஸ்டேண்ட்பை டூட்டி மாதிரித்தாண்டா" என்பார். அம்மாவுக்குப் போனில் விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"கட்டையால அடிக்கிறவனுக்குப் பந்து எறியிற வேலம்மா."

"எறிஞ்சதுக்கா சம்பளம் குடுக்குறாக?"

"ஆமாம்மா."

"என்னத்தையோ செய்யி. யாரு மண்டையிலயும் பட்றாம."

முதல் முறை அழைக்கப்பட்ட நாளில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பந்தெறியும் மேட்டில் ஏறியதும் அண்ணன் பந்தைத் தொடையில் வைத்து நன்றாகத் தேய்த்தார். கிரிக்கெட்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். பேஸ்பாலில் அது குற்றமாம். அம்பயர் ஆட்டத்தை நிறுத்திப் பந்தைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு ஆட்டத்தில் கள்ளன் என்று துரத்திவிட்டோம், இங்கேயுமா என்று நினைத்தேன். பந்து பிடிக்கும் லாகூர்க்காரர் ஓடிவந்து, இவர் கிரிக்கெட்டில் இருந்து வந்தவர், கைப்பழக்கம், வேறொன்றுமில்லை என்று அம்பயரிடம் மன்றாடினார். அம்பயர் எச்சரிக்கையோடு விட்டார். "பாய், பேண்ட் பர் மத் கிஸோ", பேண்ட்டில் தேய்க்காதே என்று லாகூர்க்காரர் சொன்னது எனக்கே கேட்டது. அண்ணன் தலையாட்டிவிட்டு, அடிக்க வந்த மூன்று பேரையும் வரிசையாக வெளியேற்றினார். நான் சத்தம் போட்டே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

அண்ணன் மூன்று சீசன் ஆடினார். இரண்டாவதில் தோள் வலி வந்தது. அணியின் பிசியோதெரபிஸ்ட் யாழ்ப்பாணத்துக்காரர். துணைக்குப் போயிருந்தேன். தோளைப் பார்த்தவர் முழங்கையையும் அளந்தார்.

"இது சின்னனில முறிஞ்ச கை என்ன? முழுசா நிமிராது. நீங்கள் கிரிக்கெட் விளையாடேல்லையோ?"

"வெளாண்டேன். மாங்கான்னு நிப்பாட்டிட்டாங்க."

"பிழை. கை மடங்கினபடியே இருந்தா அது எறியிறதில்லை. பந்து போடேக்க மடங்கி நிமிர்ந்தாத்தான் குற்றம். ஆர் அந்த நோபோல் தந்தது?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ஒரு அம்பயர் சார். தெரியாத ஆளு" என்றார்.

அது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்.

தோள் ஒத்துழைக்காததால் அண்ணன் விளையாட்டை விட்டு, பழைய கிடங்கிலேயே மறுபடி ஃபோர்க்லிஃப்ட் ஏறினார். பேஸ்பாலைப் பற்றிப் பெருமை பேசியதில்லை, குறைபட்டதும் இல்லை. கணையத்தில் நோய் என்று தெரிந்தபோது கைமீறிவிட்டிருந்தது. துபாய் ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், ஊரிலிருந்து வந்திருந்த மதினி மருந்து வாங்கப் போயிருந்தபோது, என்னை அருகில் கூப்பிட்டார்.

"அந்த ஃபைனல் ஆடுன பயலுக இருக்காங்கள்ல. அவங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லிருடா."

அத்தனை வருடமும் அது அவர் மனதில் கிடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சரிண்ணே" என்றேன். நான்கு நாளில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த ரூம் நண்பர்களுக்கும், அண்ணனை ஊர் கொண்டுவரக் காகித வேலைகள் எல்லாவற்றையும் பார்த்த துபாய் தமிழ் உறவுகளுக்கும், டிக்கெட் போட்டு என்னை உடன் அனுப்பிய கம்பெனிக்கும், லாகூர் நண்பருக்கும், யாழ்ப்பாணத்து பிசியோதெரபிஸ்டுக்கும், மதினிக்குத் துணையாக நிற்கும் ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இறுதி ஆட்டத்தில் இருந்தவர்கள் இன்று ஒரே இடத்தில் இல்லை. சிலர் தோஹா தொழில்பேட்டையில், சிலர் அல் ஐனில், சிலர் ஊரோடு. முகவரி தேடி ஒவ்வொருவருக்கும் இந்த மலரை அனுப்புகிறேன். வாசித்தபின் பக்கத்து ரூம்காரரிடமும் சொல்லுங்கள். அன்று அம்பயராக நின்றவன் பயந்து கை நீட்டினான். அண்ணன் எறியவில்லை. மூன்றும் நல்ல பந்து.