தாவூது தனியாகக் கழற்றாத சக்கரம்

அந்தக் காலத்தில் அரங்கனை அதிகத் தடவை வலம் வந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், சீரங்கத்துப் பட்டர்களில் ஒருவர் பெயரையும் சொல்ல மாட்டேன். ஷேக் தாவூது என்பேன். சிரிக்க வேண்டாம். நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் குடியிருந்த தாவூது, பாலக்கரை சகாயநாதனின் பஸ்ஸை ஓட்டியவர். ஜங்ஷனில் கிளம்பி, மெயின் கார்டு கேட், காவேரிப் பாலம் தாண்டி, சீரங்கத்து மொட்டைக் கோபுரத்துக்குள் நுழைந்து, நாலு சித்திரை வீதியிலும் ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டு திரும்புகிற வண்டி அது. தேர் போகிற வழி எதுவோ, பஸ் போகிற வழியும் அதுவே. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஒரு ஜனம் ஏறாது.

இதில் ஊருக்கு இன்னொரு லாபமும் இருந்தது. முழங்கால் விளங்காத குமுதவல்லி அம்மாள் தெற்கு வீதியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நாமம் சொல்லிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின இடத்திலேயே இறங்குவார். கண்டக்டர் முணுமுணுப்பான். தாவூது மட்டும், அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும் வரை வண்டியை எடுக்க மாட்டார். "உமக்கும் ஒரு பங்கு புண்ணியம் உண்டு பாய்" என்று அந்த அம்மாள் சொன்னால், "இருக்கட்டும்மா, எங்க கணக்குல அவன் எழுதிக்குவான்" என்று மேலே கையைக் காட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் யுத்தம் வந்து மண்ணைப் போட்டது. மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பருக்குப் பஞ்சம். டயர் வேண்டுமென்றால் பெர்மிட்டுக்கு அலைய வேண்டும். பெட்ரோலும் அப்படியே. பஸ்ஸின் முதுகில் ஒரு கரி உலையைக் கட்டி, அதில் வருகிற வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். கரி வண்டிக்கு இழுப்புக் கிடையாது. வேகம் குறைந்தால் இருமும், இன்னும் குறைந்தால் நின்றுவிடும். நின்றால் இறங்கி உலையை ஊதி ஊதிக் கிளப்புவதற்குள் பிரயாணிகள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

சகாயநாதன் பல ஆபீஸ் படியேறி இரண்டு புது டயர் வாங்கி வந்து, முன் சக்கரங்களில் மாட்டச் சொன்னார். கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். இடது டயரின் வெளிவிளிம்பு முழுக்க வழுக்கையாகிவிட்டது. வலது டயரோ புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.

தாவூதுக்குத் தூக்கம் போயிற்று. கொத்தனாரிடம் நூல் வாங்கி, முன் சக்கரங்களுக்கு நடுவே முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு என்று பிடித்துப் பார்த்தார். சக்கரம் கோணி நின்றால் அங்கே வித்தியாசம் தெரிந்துவிடும். தெரியவில்லை. அச்சு வளைந்திருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தடவிப் பார்த்தார். அதுவும் நேராகத்தான் இருந்தது. கோணல் எங்கே என்று தெரியாமல் அவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, சகாயநாதன் தாமாகவே ஒரு கோணலைக் கண்டுபிடித்தார். தாவூதின் நடத்தையில்!

மெயின் கார்டு கேட்டில், வண்டி நிறைய ஆள் இருக்கும்போதுதான் கேட்டார். நானும் அதில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரே நாள்ல மாட்டின ரெண்டு டயர்ல ஒண்ணு மட்டும் எப்பிடிய்யா தேயும்? புதுசைக் கழட்டி வித்துட்டு, எவனோ தூக்கிப் போட்ட பழசை மாட்டி வெச்சிருக்கே. என்னை என்னன்னு நினைச்சே?"

கள்ளமார்க்கெட்டில் டயர் தங்கமாக விற்ற சமயம். அவர் சந்தேகப்பட்டதைக்கூட மன்னிக்கலாம். தனியே கூப்பிட்டுக் கேட்க அவருக்கு வாய் இல்லையா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தாவூதின் முகம் வெளுத்துவிட்டது. "அல்லா மேல ஆணையா நான் தொடலைங்க, மொதலாளி" என்றார்.

சகாயநாதன் அத்தோடு விடவில்லை. நட்டு, சக்கரம், டயர் எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்தார். யாராவது கழற்றினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்குமாம். சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்துத் தம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

வீட்டில் ரோஷன் பேகம் புருஷனைப் பார்த்து அழுதாள். "இந்த ரொட்டி நமக்கு வேணாங்க. சாவியை அவர் மூஞ்சில எறிஞ்சிட்டு வாங்க."

"இப்ப விட்டா திருடிட்டு ஓடினான்னு ஆயிடும் பேகம்" என்றார் தாவூது. "கோளாறு எதுன்னு தெரியிற வரைக்கும் நான் அந்த வண்டியை விட்டு இறங்க முடியாது." நல்ல பெயர் ஒன்றைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை. அதுவும் அந்த இடது டயரோடு சேர்ந்து தேய்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காவேரிப் பாலத்து மேல் பின் சக்கரம் ஒன்று பஞ்சராயிற்று. மாற்றுச் சக்கரம் வண்டியிலேயே இருந்தது. ஸ்பேனர்தான் பாலக்கரையில். கண்டக்டர் ஜட்கா பிடித்து ஓடினான். உச்சி வெயிலில் நாங்கள் எல்லாரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் வேகிறோம். குமுதவல்லி அம்மாளும் டவுனில் வைத்தியரைப் பார்த்துவிட்டு அந்த வண்டியில்தான் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு வழியாகச் சகாயநாதனே ஸ்பேனரோடு வந்து இறங்கினார். சக்கரம் மாற்றுகிற வரை போலீஸ்காரர் மாதிரி பக்கத்தில் நின்றார். ஸ்பேனரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியிலேயே ஏறி, இடது பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவரை வேவு பார்க்கத்தான்.

மொட்டைக் கோபுரம் தாண்டித் தெற்கு வீதிக்கு வந்தோம். முதல் மூலை. தாவூது வேகத்தைக் குறைக்காமல் வலது பக்கம் ஒடித்தார். சகாயநாதன் இடப்பக்கத் தகரத்தில் போய் மோதினார். அடுத்த மூலையில் தொப்பி பறந்தது. வடக்கு வீதி முடிகிற இடத்தில் கம்பியைப் பிடிக்கப் போய் கண்டக்டரின் பையைப் பிடித்தார். கடைசி மூலையில், எது வரும் என்று தெரிந்து அவர் இரண்டு கையாலும் சீட்டைப் பற்றியும், தோள்பட்டை தப்பவில்லை.

"என்னய்யா ஓட்டறே! மூலையில மெதுவாத் திருப்பக் கூடாதா?" என்று கத்தினார்.

"மெதுவாப் போனா கரி வண்டி நின்னுடுங்க, மொதலாளி."

பின்னாலிருந்து குமுதவல்லி அம்மாள் சொன்னார்: "உமக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் சுவாமி. எங்களுக்குத் தெனமும் இதே கதைதான். பெருமாளை வலமா வரணுமோன்னோ, நாலு மூலையிலயும் வண்டி வலப்பக்கம் திரும்பறது, நாங்கள்ளாம் இடப்பக்கம் சாயறோம். முன்னேல்லாம் இப்படி இல்லை. இந்தக் கரி வந்தப்புறம் என் இடது தோளே தேஞ்சுபோயிடுத்து."

வண்டியில் எல்லாரும் சிரித்தோம். தாவூது சிரிக்கவில்லை. தெற்கு வீதி ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். கரி வண்டி நின்றால் என்ன பாடு என்று தெரிந்தும் நிறுத்தினார். இறங்கிப் போய் இடது முன் டயரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு வலது டயரைத் தொட்டார். மறுபடி இடது பக்கம் வந்தார்.

"மொதலாளி, கொஞ்சம் எறங்கி வாங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

சகாயநாதன் தொட்டார். வலது டயரில் வெயிலின் சூடுதான் இருந்தது. இடது டயரின் வெளிவிளிம்பு கையைச் சுட்டது.

"ஆளுங்க சாயிற பக்கமே வண்டியும் சாயுதுங்க. அத்தனை பாரமும் இந்த விளிம்புல. நான்தான் வேகமாத் திருப்பித் திருப்பித் தேச்சிருக்கேன். தப்பு என்னுதுதான்." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆனா நான் விக்கலைங்க."

சகாயநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவர். ஸ்பேனரை நீட்டினார். "இந்தா, வெச்சுக்கோ. டயரைத் திருப்பிப் போட்டு, வாரா வாரம் இடம் வலம் மாத்திக்கோ. நானா வந்து பாக்கப் போறேன்?"

தாவூது வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்க, மொதலாளி. நீங்க பக்கத்துல நின்னாத்தான் நான் சக்கரத்தைக் கழட்டுவேன்."

சொன்னது சொன்னதுதான். வாராவாரம் பாலக்கரை ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்புவார். அவர் வந்து நிற்கிற வரை ஒரு நட்டில் கை வைக்க மாட்டார். சக்கரங்கள் இடம் மாறின. மூலைகளில் தாவூது நிதானமாகத் திரும்பினார். உலை அணைந்தால் அவரே இறங்கி ஊதினார். டயர்கள் இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்து, பெர்மிட்காரர்களே ஆச்சரியப்படும்படி உழைத்தன. ஆனால் அவர் மனசில் ஒரு பக்கம் தேய்ந்தது தேய்ந்ததுதான். ரோஷன் பேகம்கூட, "போதும், விட்டுடுங்க, பாவம் அவரும் வயசானவர்" என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

சகாயநாதனையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம்கூட அவர் வராமல் இருந்ததில்லை. மாதா கோயில் திருநாளானாலும், மழை பெய்தாலும், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு, வேலை முடிகிற வரை நிற்பார். வாய் கேட்காத மன்னிப்பைக் காலால் கேட்டார் என்று நினைக்கிறேன்.

யுத்தம் முடிந்து, டயர் கடையிலேயே கிடைக்க ஆரம்பித்த பிறகும் இது நடந்தது. அப்படி ஒரு வாரம், சகாயநாதன் இருதயக் கோளாறு வந்து படுத்துவிட்டார். தாவூதுக்கு அது தெரியாது. வழக்கம்போல் ஆள் அனுப்பினார். வெகு நேரம் கழித்து ஒரு ஜட்கா வந்தது. வீட்டு ஆள் ஒருவன் கைத்தாங்கலாகப் பிடிக்க, சகாயநாதன் இறங்கினார். வேட்டி நழுவ, மூச்சு வாங்க, ஷெட்டுக்குள் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஸ்பேனரை நீட்டினார்.

தாவூது ஓடிப்போய் அவரைத் தாங்கினார். ஸ்பேனரை வாங்கித் தம் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய்ப் படுங்க, மொதலாளி" என்றார். "இனிமே நான் தனியாவே கழட்டிக்கிறேன்."