மஞ்சக்குப்பம் வீட்டின் மேல் மூன்று அங்குலத் தண்ணீர்

2012 பிப்ரவரி 26, ஞாயிறு, காலை 6.40. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் பனி. வண்டிகளின் பெயர்ப்பலகையே தெரியவில்லை. இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு கடலூர் வண்டியில் ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், இருபத்தொரு ரூபாய்.

வழியெங்கும், இரண்டு மாதம் முன் அடித்த ‘தானே’ புயல் சாய்த்த மரங்கள். எண்ணிக்கொண்டே வந்து ஆலப்பாக்கத்தில் 112ஓடு விட்டுவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தங்கை சரோஜா வீட்டு வேப்பமரமும் புயலன்று கூடத்தின் மேல் விழுந்திருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு இலாகா அதிகாரி ஒருவர் கட்டிய வீடு. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம். ஆள் கயிறிழுத்து வீசிய பங்கா தொங்கிய கொக்கிகள் நான்கும் இன்னும் இருக்கின்றன. இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட ஒருவர் விலை பேசினார். தளம் தங்கை தலையில் விழுந்துவிடும், விற்றுவிடுங்கள் என்று நச்சரித்தவன் நான். அவளோ மரம் விழுந்து உடைந்த தளத்தைப் பழைய முறையிலேயே பழுது பார்த்தாள். ஒழுகினால் விற்பது, ஒழுகாவிட்டால் கூடத்துக்கு வெள்ளையடிக்கும் செலவு என்னுடையது என்று பேச்சு.

தளம் போட்டால் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. மழைநீர்க் குழாய்களைக் களிமண்ணால் அடைத்து, மேலே தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுவார்கள். முந்தின நாள் பகல் ஒரு மணிக்குக் கட்டியிருந்தார்கள். சரோஜா அந்தத் தளத்துக்கு நேர் கீழே எனக்கு இலை போட்டாள். உள் அறையில் போடச் சொன்னேன்.

"ஒழுவுனா மொதல்ல ஒன் எலையில விழட்டும்ணே. நீதான சாட்சி."

ரசத்துக்கு வந்தபோது மணி 12.50. இலையில் சொட்டென்று ஒரு துளி. பிறகு இன்னொன்று. நான் விரலால் காட்டினேன். சரோஜா கரண்டியோடு அப்படியே நின்றாள், முகம் வெளுத்துவிட்டது. மூன்றாவது துளி என் வழுக்கையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். தளத்தை மறைத்துக்கொண்டு அவள் கணவர் ராஜமாணிக்கத்தின் முகம். மேலே தண்ணீரை அளக்கப் போனவர், வழுக்கி அதிலேயே விழுந்து, தலை சொட்டச் சொட்ட என் பின்னால் வந்து குனிந்து நின்றிருந்தார்.

"மூணு அங்குலம் அப்படியே நிக்குது மச்சான். கொறைஞ்சது நான் விழுந்து தெறிச்சதுதான்."

"மொதல்ல தலயத் தொவட்டுங்க. கொஞ்ச நேரத்துல வீட்ட வித்துருப்பீங்க," என்றாள் சரோஜா. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பதினாறடி உயரக் கூடம் எங்கள் மூவர் சிரிப்பை முப்பது பேர் சிரிப்பாக்கியது.

ஒரு மணிக்குக் களிமண்ணை எடுத்தார்கள். குழாய்கள் நான்கிலும் தண்ணீர் கொட்டியது. உத்திரங்களின் இடையே ஒவ்வொரு வரிசையாகத் தடவாத குறையாகப் பார்த்தேன், ஈரமில்லை.

அண்ணாமலை நகரில் என் வீடு கட்டி இருபது வருடம்கூட ஆகவில்லை. மழை வந்தால் மூன்று இடத்தில் வாளி வைக்கிறேன்.

பேருந்து போக வர 42, ஆட்டோ 60, தங்கை வீட்டுக் கூடத்துக்கு வெள்ளையடிக்க, பேரம் பேசாமல், 3,850. ஆக மொத்தம் 3,952 ரூபாய்.