விட்டுப்போன வரி

முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள், ஓய்வு பெற்றதும் கதை எழுதும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். "வேற ஒருத்தரா உங்களை நினைச்சுக்கிட்டு, 'நான்'னு ஆரம்பிச்சு எழுதுங்க" என்றார் ஆசிரியர். பேனா தானாக ஓடியது: "நான் கதவை இடித்தேன். அவர் வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தார்."

தீயில் கருகி இறந்த ஒருத்தியின் மரண வாக்குமூலத்தில் இருந்த வரி அது. "அதை மட்டும் விட்டுடும்மா" என்று மேலதிகாரி சொன்னதும், மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தவள் இவள்தான். இறந்தவளின் புருஷன் விடுதலையானான்.

வகுப்பில் அவள் எழுதியதை வாசித்து முடித்ததும், நாலு நாவல் எழுதிய பக்கத்து இருக்கைக்காரி வியந்தாள். "எப்படிக்கா இவ்வளவு தத்ரூபமா கற்பனை பண்ணீங்க?"

"கற்பனை இல்லம்மா. அவ சொன்னதை நான்தான் அழிச்சேன்."

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். அவளுக்கு ஆகவில்லை.