பாதுகாப்பான செயலி போட்ட தண்டோரா

இன்று காலை தண்டையார்பேட்டை டீக்கடையில் ஒருவரைச் சந்தித்தேன். மணலிப் பக்கம் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நேற்று வரை.

ஆலைக் கழிவைக் கால்வாயில் திறந்துவிடுவதைப் படம் எடுத்து வைத்திருந்தார். மீதியையும் எடுத்து நேற்று மாலை எனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நடுவில் யாரும் படிக்க முடியாது என்று நீங்கள் எல்லோரும் இங்கே சிபாரிசு செய்த அந்தச் செயலியை, முந்தாநாள் அவர் போனில் ஏற்றிக்கொடுத்தது நான்தான்.

அவர் சேர்ந்ததும், அவர் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருந்து, அதே செயலியிலும் இருக்கும் அத்தனை பேருக்கும் "இவர் சேர்ந்துவிட்டார்" என்று அது தகவல் அனுப்பியிருக்கிறது. மேஸ்திரிக்கும் போயிருக்கிறது.

நேற்று ஆலை கேட்டிலேயே மேஸ்திரி மறித்தாராம். "இன்னாடா, ரகசிய ஆப்புலாம் உனக்கு இன்னாத்துக்கு? போனை குடு."

போனில் படங்கள் இருந்தன. வேலை போய்விட்டது.

"மேஸ்திரி எதற்கு அந்தச் செயலியை வைத்திருக்கிறார்?" என்று கேட்டேன்.

"இன்னா சார் நீ, டீசல் திருடி விக்கிறவன்லாம் பேசிக்கிறதே அதுலதான். ரிப்போர்ட்டரு, இதுகூடவா தெரியாது? ஒரு படம் அனுப்பல, அதுக்குள்ள ஊருக்கே தண்டோரா போட்ருச்சு உன் ஆப்பு."

மன்னிப்புக் கேட்டேன். "அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? பேரு போடாம எழுது" என்றார்.

செட்டிங்கில் அந்தத் தகவல் போவதைத் தவிர்க்கலாமே என்று கீழே பாடம் நடத்த வருகிறவர்களுக்கு: இப்போது எனக்கும் தெரியும். அவருக்கு வெல்டிங் தெரியும். வேலை இருந்தால் மட்டும் எழுதுங்கள்.